அழிய மறுக்கும் டெம்ப் ஃபைல்கள்: எங்கே தவறு நடக்கிறது?

விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தி, இரு பக்கமும் சதவீதக் குறி வைத்து டெம்ப் என்று தட்டி, வரும் தற்காலிக ஃபைல்களையெல்லாம் அழிப்பது எல்லோருக்கும் தெரிந்த வேலை. அதில் சில ஃபைல்கள் மட்டும் போகமாட்டேன் என்று நிற்கும். புதிதாகப் பழகுகிறவர்கள் தடுமாறுவது அதற்குப் பிறகுதான்.

பிடித்திருப்பது யார் என்று பார்க்காமல் மல்லுக்கட்டுவது

ஃபைல் போகவில்லை என்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு புரோகிராம் அதைத் திறந்து வைத்திருக்கிறது. விண்டோஸிலேயே இருக்கும் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து, சிபியு டேபில் 'அசோசியேட்டட் ஹேண்டில்ஸ்' தேடல் பெட்டியில் ஃபைல் பெயரின் ஒரு பகுதியைத் தட்டுங்கள். பிடித்திருக்கும் புரோகிராமின் பெயர் வந்துவிடும். அதை முறையாக மூடிவிட்டு அழியுங்கள். ஆன்டிவைரஸ் என்றால் அந்த ஃபைலை விட்டுவிடுங்கள்.

ஷட் டவுன் செய்து மறுபடி ஆன் செய்தும் போகவில்லை என்பார்கள். கம்ப்யூட்டரைச் சீக்கிரம் ஆன் ஆக வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி ஆனில் இருந்தால், ஷட் டவுனில் உங்கள் லாகின் மட்டும்தான் மூடப்படும். கெர்னலும் (விண்டோஸின் மையப் பகுதி) சர்வீஸ்களும் (பின்னணியில் ஓடும் புரோகிராம்கள்) அப்படியே டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, ஆன் செய்ததும் அதே நிலையில் திரும்பி வரும். ஃபைலை ஒரு சர்வீஸ் பிடித்திருந்தால் அந்தப் பிடியும் கூடவே வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் விடும்.

சாஃப்ட்வேர் போட்ட கையோடு டெம்பைத் துடைப்பது

ரீஸ்டார்ட் கேட்டிருந்தால் முதலில் ரீஸ்டார்ட். மீதி வேலைக்கான ஃபைல்கள் டெம்பில் காத்திருக்கலாம்.

விண்டோஸுக்குள் இருக்கும் இன்ஸ்டாலர் ஃபோல்டரைக் காலி செய்வது

இதை எத்தனை முறை எச்சரித்தாலும் செய்துகொண்டே இருக்கிறார்கள்; ஒவ்வொரு முறையும் எரிச்சல்தான் மிஞ்சுகிறது. சி டிரைவ் சிவப்பாகிவிடும். டெம்பைத் துடைத்தும் இடம் போதாது. எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று காட்டும் டூல் ஒன்றைப் போடுவார்கள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'இன்ஸ்டாலர்' என்று ஒன்று பல ஜிபி காட்டும். திறந்தால் எம்எஸ்ஐ, எம்எஸ்பி ஃபைல்கள், எல்லாவற்றுக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த அர்த்தமில்லாத பெயர்கள். பழைய செட்அப் குப்பை என்று முடிவு கட்டிவிடுவார்கள். அட்மின் அனுமதி கேட்கும் பெட்டியில் ஒரு கிளிக், அவ்வளவுதான், போய்விடும்.

அது குப்பை அல்ல. சாஃப்ட்வேர் ஏற்றவும் நீக்கவும் விண்டோஸிலேயே இருக்கும் 'விண்டோஸ் இன்ஸ்டாலர்' வழியாக ஏறிய ஒவ்வொரு சாஃப்ட்வேரின் தொகுப்பும் (எம்எஸ்ஐ), பின்னால் போட்ட பேட்ச்களும் (திருத்தங்கள், எம்எஸ்பி) அங்கேதான் வைக்கப்படுகின்றன. ரிப்பேர், அப்டேட், அன்இன்ஸ்டால் மூன்றுக்கும் அவை வேண்டும். கொடுமை என்னவென்றால், அழித்த அன்று எதுவும் நடக்காது. எல்லா சாஃப்ட்வேரும் ஓடும். மாதங்கள் கழித்து ஒரு அப்டேட் வரும்போது, தேவையான எம்எஸ்ஐ ஃபைல் கிடைக்கவில்லை, இருக்கும் இடத்தைக் காட்டு என்று ஒரு பெட்டி வரும். அல்லது பிழை எண் 1612. புது பதிப்பைப் போடலாம் என்றால் பழையது நீங்காமல் அது ஏறாது. பழையதை நீக்க அழித்த ஃபைல் வேண்டும். அழித்தது பல நாள் முன்பு என்பதால் காரணம் இதுதான் என்று யாருக்கும் தோன்றவும் தோன்றாது.

வேறு கம்ப்யூட்டரின் இன்ஸ்டாலர் ஃபோல்டரை அப்படியே காப்பி செய்தால் சரியாகாது. அந்தப் பெயர்கள் ஒவ்வொரு மெஷினிலும் தனித்தனியாக உருவாகி, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அந்த மெஷினுக்கு மட்டும் பதிவாகியிருக்கும். ரீசைக்கிள் பின்னில் இருந்தால் உடனே ரெஸ்டோர் செய்யுங்கள். இல்லையென்றால் பேக்கப்பிலிருந்து எடுங்கள். அதுவும் இல்லையென்றால் ஒவ்வொரு சாஃப்ட்வேருக்கும் அதே பதிப்பின் மூல செட்அப்பைத் தேடிப் பிடித்து, அந்தப் பெட்டியில் காட்ட வேண்டும். பேட்ச்கள் பல ஏறியிருந்தால் இது பெரும்பாடு. கடைசியில் விண்டோஸையே மறுபடி போட நேரிடலாம்.

இடம் வேண்டுமென்றால் டிஸ்க் கிளீனப்பில் 'கிளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ்' கொடுத்து, 'விண்டோஸ் அப்டேட் கிளீனப்' டிக் செய்யுங்கள். பயன்படுத்தாத சாஃப்ட்வேரை முறையாக அன்இன்ஸ்டால் செய்யுங்கள். இன்ஸ்டாலர் ஃபோல்டரில் அதற்குரியதை அது பெரும்பாலும் தானே எடுத்துவிடும்.

பிரீஃபெட்ச்

புரோகிராம்களைச் சீக்கிரம் திறக்க விண்டோஸ் வைத்திருக்கும் ஃபோல்டர் இது. தொடாதீர்கள். சில எம்பிதான்.

டவுன்லோட்ஸ் டிக்

செட்டிங்ஸ், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் பட்டியலில் டவுன்லோட்ஸும் இருக்கும். எல்லாவற்றையும் டிக் செய்யும் வேகத்தில் அதுவும் சேர்ந்துவிட்டால் மொத்த ஃபோல்டரும் காலி. ரீசைக்கிள் பின்னிலும் இருக்காது.

ஜிப்புக்குள்ளிருந்தே திறந்து திருத்திய ஃபைல்கள்

ஜிப்பைப் பிரிக்காமல் உள்ளிருந்த எக்செல் ஷீட்டைத் திறந்து, திருத்தி, சேவ் கொடுத்தவர்களின் வேலை பல நேரம் டெம்பில்தான் கிடக்கிறது. அழிக்கும் முன் டெம்ப் ஃபோல்டரை மாற்றிய தேதி வாரியாக அடுக்கி, கடந்த ஒரு வாரத்து வேர்ட், எக்செல், பிடிஎஃப் ஃபைல்களைத் திறந்து பாருங்கள். வேண்டியதை டாக்குமென்ட்ஸுக்கு காப்பி செய்துவிட்டு, ஒரு வாரத்துக்கு மேல் பழையதை மட்டும் அழியுங்கள்.