லேபிளில் ‘ஐலா’ என்றிருந்தால் புகை வாசம்தானா?

சிங்கிள் மால்ட் விஸ்கி (ஒரே வடிசாலையில் முளைகட்டிய பார்லியில் வடித்தது) வாங்கும்போது லேபிளில் ‘ஐலா’ என்று பார்த்தவுடனே புகை வாசம்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையை ஒட்டிய தீவு அது. அதன் தெற்குக் கரையில் இருக்கும் லஃப்ராய்க், லாகவூலின், ஆர்ட்பெக் என்ற மூன்று வடிசாலைகளும் புகைக்குப் பேர்போனவை. முளைகட்டிய பார்லியை உலர்த்தும்போது, சதுப்பு நிலத்தில் வெட்டியெடுத்த பீட்டை (மக்கிய தாவரம் படிந்த கரி மண்) எரிப்பதால் ஏறும் வாசம் அது. லஃப்ராய்க்கில் ஆஸ்பத்திரி டிஞ்சர் வாடைகூட அடிக்கும். சிலர் அதற்காகவே தேடி வாங்குவார்கள்! ஆனால் அதே தீவின் புனஹாவன் 12 ஆண்டு மால்ட்டில் புகை கிட்டத்தட்ட இல்லை. ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயின் ஊறிய பீப்பாய் தரும் உலர்பழ இனிப்புதான் தூக்கல்.

அதனால் ஊர்ப் பெயரோடு நிற்காமல், பீட் உண்டா, எந்தப் பீப்பாயில் ஊறியது என்றும் பாருங்கள். முதல் முறை என்றால் ஸ்காட்லாந்தின் ஸ்பேசைடு பகுதி கிளென்லிவெட் 12 மாதிரி பழவாசம் உள்ளதில் தொடங்கலாம். ஸ்காட்லாந்தின் தெற்கே லோலேண்ட் பக்கத்து ஆகன்டோஷன், மூன்று முறை வடிப்பதால் இன்னும் லேசு.

அப்புறம், முதல் மடக்கு வெறுமனே. பிறகு சில சொட்டுத் தண்ணீர். ஐஸை அள்ளிப் போட்டால் வாசம் அடங்கிவிடும்.