அமெரிக்காவில் இருந்துகொண்டு இந்தியக் குழந்தையைத் தத்தெடுக்க: கோப்பு தயாரிக்கும் வழி

என் மகள் புனேயிலிருந்து எங்களிடம் வந்தவள். அப்போது என் கணவர் அமெரிக்கக் குடிமகன். நான் இந்திய பாஸ்போர்ட்டில் இருந்தேன். அவள் வந்தபிறகு டெக்சஸில் உள்ள பல தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் விவரம் கேட்கிறார்கள். எல்லோருடைய முதல் கேள்வியும், "எந்த ஃபார்மில் ஆரம்பிக்கணும்?" என்பதுதான். ஃபார்ம் இருக்கட்டும். உங்கள் இருவர் பெயரும் எந்தெந்தத் தாளில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

நம்மவர்களுக்கு இது பெரிய சிக்கல். திருமணச் சான்றில் இனிஷியலோடு பெயர் இருக்கும். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் விரிந்து, அப்பா பெயர் சர்நேமாக நிற்கும். சர்நேம் கட்டம் காலியாக இருந்தவர்களுக்கு அமெரிக்க விசாவில் முதற்பெயர் இடத்தில் 'எஃப்.என்.யூ' (முதற்பெயர் தெரியவில்லை) என்று விழுந்து, ஓட்டுநர் உரிமம்வரை தொடர்ந்திருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு மனைவியின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் போய்க் கணவர் பெயர் ஏறியிருக்கும். நமக்குத் தெரியும் ஒரே ஆள்தான் என்று. டெல்லியில் கோப்பைப் புரட்டுகிறவருக்குத் தெரியாது. ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டு, ஒவ்வொரு ஆவணத்திலும் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். திருத்த முடிந்ததைத் திருத்துங்கள். முடியாததற்கு, இத்தனை பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்று அஃபிடவிட் எழுதி நோட்டரி முன்னால் கையெழுத்திடுங்கள்.

பழைய பிறப்புச் சான்றையும் எடுத்துப் பாருங்கள். பதிவேட்டில் 'பெண் குழந்தை' என்று மட்டும் இருந்து, பெயரே சேர்க்காத சான்றுகள் நம் தலைமுறையில் நிறைய. ஊரில் யாராவது நகராட்சிக்கு நடந்துதான் அதைச் சரிசெய்ய வேண்டும், நாள் பிடிக்கும். தமிழில் உள்ள சான்றுகளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட உறுதிமொழியும் வேண்டும்.

இதை ஓட்டிக்கொண்டே தத்தெடுப்பு ஏஜென்சியைத் தேடுங்கள். அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றிருப்பது மட்டும் போதாது. டெல்லியில் உள்ள மத்திய தத்தெடுப்பு வள ஆணையம், அதாவது காராவும், அந்த ஏஜென்சியை ஏற்றிருக்க வேண்டும். நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான 1993 ஹேக் ஒப்பந்தத்தில் இரண்டு நாடுகளும் இருப்பதால் குறுக்கு வழி கிடையாது. "தங்கச்சி குழந்தையை எடுத்துக்கிறோம், ஊர்ல தத்துப் பத்திரம் ரிஜிஸ்டர் பண்ணிட்டோம்" என்று வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கனத்துப் போகும். இந்து தத்தெடுப்புச் சட்டப்படி (1956) எழுதிய பத்திரத்தை மட்டும் வைத்து விசா கிடைக்காது. உறவினர் குழந்தைக்கும் காராவின் தடையில்லாச் சான்று வேண்டும். பெற்றோர் இருவரும் உயிரோடு இருந்தால், அவர்களால் குழந்தையைச் சரியாகப் பராமரிக்க இயலாது என்று அமெரிக்கக் குடியேற்றத் துறைக்குக் காட்ட வேண்டும். பத்திரம் எழுதுவதற்கு முன்பே வழக்கறிஞரைப் பாருங்கள்.

அடுத்து ஹோம் ஸ்டடி. சோஷியல் வொர்க்கர் வீட்டுக்கு வந்து, இருவரோடும் பேசி எழுதும் அறிக்கை இது. உங்களோடு நிரந்தரமாக வசிக்கும் 18 வயது கடந்த எல்லோரும் இதில் வருவார்கள். கிரீன் கார்டில் உங்களோடு இருக்கும் மாமியாருக்கும் கைரேகை, பின்னணிச் சோதனை உண்டு. 18 வயதுக்குப் பிறகு வசித்த ஒவ்வொரு மாநிலத்தின் பதிவையும், நாட்டின் பதிவையும் பார்ப்பார்கள். சென்னையில் வேலை பார்த்த காலத்துக்குப் போலீஸ் சான்று கேட்டால் இந்தியத் தூதரகம் வழியாக வாங்குங்கள்.

சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால் சொல்லிவிடுங்கள். கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று மருத்துவர் எழுதினால் அதற்காகவே ஒதுக்கிவிட மாட்டார்கள். மறைத்தால்தான் ஆபத்து. எப்போதோ நடந்த கைதும், வழக்கு தள்ளுபடியாகியிருந்தாலும், அறிக்கையில் இருக்க வேண்டும்.

குழந்தையின் வயதை அறிக்கையில் எழுதும் முன் காராவின் 2022 விதிகளைப் பாருங்கள். தம்பதியின் வயதுகளைக் கூட்டினால் 85க்குள் இருக்க வேண்டும், 2 வயதுவரை உள்ள குழந்தைக்கு. 2 முதல் 4 வயதுக்கு 90, 4 முதல் 8க்கு 100, அதற்கு மேல் 110. கணவருக்கு 47, மனைவிக்கு 42 என்றால் கைக்குழந்தைக்கு விண்ணப்பிக்க முடியாது. உடல்நலத் தேவையுள்ள குழந்தையை, அண்ணன் தங்கை சேர்ந்த ஜோடியை ஏற்க முடியுமா என்பதையும் இப்போதே மனசு விட்டுப் பேசி முடிவெடுங்கள். அறிக்கையில் இல்லாத வயதிலோ நிலையிலோ ஒரு குழந்தையின் விவரம் வந்தால், அதைத் திருத்தி மறுபடி ஒப்புதல் வாங்கும்வரை அந்தக் குழந்தையும் காத்திருக்கும்.

இப்போது ஃபார்ம். அமெரிக்கக் குடியேற்றத் துறைக்குப் போவது ஐ-800ஏ, நீங்கள் தத்தெடுக்கத் தகுதியானவர்களா என்று பார்க்கும் விண்ணப்பம். கணவன் மனைவியில் ஒருவர் குடிமகனாக இருந்தால் போதும், கையெழுத்து இருவரும் போட வேண்டும். அனுப்பும் நாளில் ஹோம் ஸ்டடிக்கு ஆறு மாதம் கடந்திருக்கக் கூடாது. ஒப்புதல் 15 மாதம் செல்லும். தீர்வதற்குள் சப்ளிமெண்ட் 3 என்ற இணைப்புப் படிவம் போட்டு நீட்டிக்கலாம். நடுவில் வீடு மாறினாலோ வேலை மாறினாலோ அறிக்கையைப் புதுப்பிக்க வேண்டும். முடிந்தால் அந்தக் காலத்தில் இரண்டையும் தள்ளிப்போடுங்கள்.

காராவுக்குப் போகும் கோப்பில் இந்த ஒப்புதல், ஹோம் ஸ்டடி, மருத்துவச் சான்று, வருமானச் சான்று, போலீஸ் சான்று, பரிந்துரைக் கடிதங்கள், புகைப்படங்கள் எல்லாம் சேரும். அமெரிக்கத் தாள்களுக்கு நோட்டரி, அதன்மேல் அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டில் செல்லுபடியாக அரசு தரும் சான்று. டெக்சஸ் நோட்டரி முத்திரை உள்ளவை மாநிலத் தலைநகர் ஆஸ்டினுக்குப் போகும். தத்தெடுப்பு ஆவணங்களுக்கு அங்கே தனிப் படிவம் இருக்கிறது, கட்டணமும் குறைவு. எஃப்.பி.ஐ அறிக்கை கேட்டிருந்தால் அது வாஷிங்டனுக்கு. இந்தியாவில் வாங்கிய சான்றுக்கு இங்கே அப்போஸ்டில் போட முடியாது, இந்தியாவுக்கே திரும்பிப் போவதால் தேவையும் இல்லை. மருத்துவர் நோட்டரி முன்னால் கையெழுத்திட வேண்டும் என்பதால், நடமாடும் நோட்டரியைக் கிளினிக்குக்கே அழைத்துப் போனேன். சீக்கிரம் காலாவதியாகும் மருத்துவச் சான்றையும் போலீஸ் சான்றையும் கடைசியில் எடுங்கள். திருமணச் சான்று போன்றவற்றை முன்பே முடித்து வைக்கலாம்.

குழந்தையை ஏற்றுக் கையெழுத்திட்ட பிறகு, அந்தக் குழந்தைக்கான மனு ஐ-800. அதற்குத் தற்காலிக ஒப்புதல் வந்து, தத்தெடுப்பு மேலே போகலாம் என்று ஹேக் ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவுப்படி அமெரிக்கத் தூதரகம் கடிதம் தந்து, காராவின் தடையில்லாச் சான்றும் வந்தபிறகே தத்து ஆணை. 2022 செப்டம்பரிலிருந்து ஆணை தருபவர் நீதிபதி அல்ல, மாவட்ட ஆட்சியர். புதிய பிறப்புச் சான்றும் பாஸ்போர்ட்டும் விசாவும் அந்த ஆணையில் உள்ள பெயரையே பின்பற்றும். குழந்தையின் பெயரை, சர்நேம் உட்பட, அதற்குள் முடிவு செய்து வையுங்கள்.

இந்தியாவிலேயே தத்து முடிந்த குழந்தைக்குத் தரும் ஐஎச்-3 விசாவில் வரும் குழந்தை, 18 வயதுக்குள் வந்து உங்களோடு வாழ்ந்தால், இங்கே இறங்கியதுமே குடிமகன். குடியுரிமைச் சான்று தபாலில் வரும். முகவரி மாறினால் உடனே தெரிவியுங்கள். பிறகு இரண்டு வருடம் அறிக்கைகள் அனுப்ப வேண்டும்: முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அடுத்த வருடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. சோஷியல் வொர்க்கர் நாள் கேட்டால் உடனே கொடுங்கள். அடுத்த குடும்பத்தின் கோப்பும் அதே ஏஜென்சி வழியாகத்தான் டெல்லிக்குப் போகிறது.