ஏழைகளுக்காக உழைக்கும் கன்னியர் இல்லங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதியோர் இல்லம், தொழுநோய் மருத்துவமனை, தெருக் குழந்தைகள் என்று உழைக்கிற அருட்சகோதரிகளைப் பற்றிப் பேச்சு வந்தால், அவர்களுடைய சேவையைத்தான் எல்லோரும் பேசுவோம். மாலையில் மடத்துக்குத் திரும்பியபின் ஒரே கூரையின் கீழ் எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்பவர் குறைவு. ஆனால் நோயாளியைக் கழுவித் துடைப்பதைவிட, கூட இருக்கிற சிஸ்டரோடு ஒத்துப்போவதுதான் கடினம் என்று மடத்தில் மூத்தவர்களே சொல்வார்கள். குழு வாழ்வைக் கெடுக்கும் தவறுகளில் பெரும்பாலானவை நல்லெண்ணத்தில் தொடங்குகிறவை. அதனால்தான் அவை எளிதில் கண்ணில் படுவதில்லை.

முதல் தவறு, உடம்பை வருத்துவதையே ஏழ்மை வார்த்தைப்பாடு, அதாவது ஏழ்மையாக வாழ்வதாகக் கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு, என்று எண்ணிக்கொள்வது. 1948இல் லொரெட்டோ என்ற கன்னியர் சபையை விட்டு வெளியே வந்த அன்னை தெரசா, அடிப்படை மருத்துவம் கற்கப் பாட்னாவுக்குப் போனார். அங்கே மருத்துவப் பணிச் சகோதரிகள் ஒரு மருத்துவமனை நடத்திவந்தார்கள். தன்னோடு சேரப்போகிறவர்கள் பரம ஏழைகளைப் போல வெறும் சோறும் உப்பும் சாப்பிட்டு வாழ்வார்கள் என்பது அவர் யோசனை. நோயையே தினமும் பார்க்கிற அந்தச் சகோதரிகள் அதை ஒத்துக்கொள்ளவில்லை. காசநோய் மலிந்த சேரிகளில் நாள் முழுக்க வேலை, வயிற்றில் சத்தில்லை என்றால், கொஞ்ச நாளில் சகோதரிகளே படுக்கையில் விழுவார்கள் என்பது அவர்கள் வாதம். நல்ல சாப்பாடு, ஓய்வு, சுத்தம் மூன்றும் வேண்டும் என்று அடித்துச் சொன்னார்கள். அன்னை தெரசா கேட்டுக்கொண்டார். 1950இல் திருச்சபை அங்கீகாரம் பெற்ற அவருடைய பிறரன்புப் பணியாளர் சபையில் உணவு எளிமையானதுதான், ஆனால் வயிறு நிறையச் சாப்பிட வேண்டும். கொல்கத்தாவில் வியாழக்கிழமை வழக்கமான வெளிவேலையும் கிடையாது. அது செபத்துக்கும் ஓய்வுக்குமான நாள். புதிதாகச் சேர்ந்த பெண் தட்டில் பாதியை ஒதுக்கிவைத்தால் அதைப் பக்தி என்று மெச்சாமல் சாப்பிடவைப்பதே நல்ல பயிற்சியாளரின் வேலை.

அடுத்தது, வேலையைக் காட்டிச் செபத்தையும் குழுவையும் தள்ளிப்போடுவது. 1633இல் பாரிஸில் புனித லூயிஸ் தெ மரியாக்கோடு சேர்ந்து பிறரன்பின் புதல்வியர் என்ற சபையைத் தொடங்கிய புனித வின்சென்ட் தே பவுல், செப நேரத்தில் ஓர் ஏழை கூப்பிட்டால் எழுந்து போங்கள், அது கடவுளுக்காகக் கடவுளை விட்டுப் போவது என்றார். இதை எடுத்துக்காட்டாத சேவை சபை இருக்காது. ஆனால் அவர் சொன்னது அவசரத்துக்கு. அதே சகோதரிகள் விடியுமுன்னே எழுந்து தியானத்தில் உட்கார வேண்டும் என்பதிலும் அவர் கறாராக இருந்தார். தினமும் ஏதோ ஓர் அவசரம் வருகிறது என்றால், அது அவசரம் இல்லை. ஆள் போதவில்லை, அல்லது வேலையை அளவுக்கு மீறி இழுத்துப்போட்டுக்கொண்டிருக்கிறார்கள். 1973இல் அன்னை தெரசாவின் சபை, இருக்கிற வேலைகள் போதாதென்று, தினமும் ஒரு மணி நேர நற்கருணை ஆராதனையையும் (நற்கருணை அப்பத்தின் முன் அமர்ந்து செபிப்பது) சேர்த்துக்கொண்டது. அதனால் ஏழைகளுக்கான வேலை குறையவில்லை என்பது அவர்கள் அனுபவம்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் சேர்ந்து பேசிச் சிரிக்கிற நேரமும் இப்படித்தான் காணாமல்போகும். இப்போது செல்போன் வேறு! அதைத் தனியாக விளக்கத் தேவையில்லை.

எனக்கு இவற்றையெல்லாம்விடக் கவலை தருவது, கீழ்ப்படிதலின் பெயரில் ஒருவர் கையில் எல்லா அதிகாரமும் சேர்வது. பிரான்சில் பிரிட்டனி பகுதியைச் சேர்ந்த ஜான் ஜுகான், 1839இல் பார்வையற்ற ஒரு மூதாட்டியை வீட்டுக்கு அழைத்துவந்து தன் கட்டிலையே கொடுத்தார். ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை அப்படித்தான் பிறந்தது. 1843இல் சகோதரிகள் அவரை மீண்டும் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். சபைக்குப் பொறுப்பாயிருந்த குரு ல பையூர் அந்தத் தேர்தலையே ரத்து செய்து, 23 வயது மரி ஜாமேயை நியமித்தார். பிறகு தானே நிறுவனர் என்று நம்பவைத்தார். ஜான் ஜுகான் கடைசி 27 ஆண்டுகளைத் தலைமை இல்லத்தில் ஒதுங்கியே கழித்து 1879இல் இறந்தார். கூட வாழ்ந்த நவதுறவியர் (வார்த்தைப்பாட்டுக்கு முன் பயிற்சியில் இருப்பவர்கள்) பலருக்கு அவர்தான் சபையைத் தொடங்கியவர் என்பதே தெரியாது. 1890இல் ரோம் அந்தக் குருவைப் பொறுப்பிலிருந்து விலக்கியது. 2009இல் ஜான் ஜுகான் புனிதரானார். அவருடைய பொறுமையைப் பற்றி எத்தனையோ மறையுரைகள் உண்டு. ஒரு வீடு முழுக்க வாய்மூடி இருந்ததைப் பற்றியும் பேசலாம்.

இப்போது சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 1983 திருச்சபைச் சட்டப்படி தலைவியின் பதவிக்குக் காலவரை உண்டு. ஆலோசனைக் குழு இருக்க வேண்டும். சகோதரியின் மனசாட்சியைத் தன்னிடம் திறந்துகாட்டும்படி தலைவி தூண்டவும் கூடாது என்கிறது 630ஆம் விதி. "மதர் கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும்" என்று இளம் சகோதரிகளிடம் சொல்லிவைப்பது அந்த விதிக்கு நேர் எதிரானது.

பரிசுப் பொருள் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம்: உபகாரிகள் ஒரு சிஸ்டர் கையில் மட்டும் கொடுக்காமல் இல்லத்துக்குக் கொடுங்கள். ஒரு சேலைக்காகவோ கைக்கடிகாரத்துக்காகவோ வீட்டுக்குள் பொறாமை கிளம்பக் கூடாது.

கடைசியாக, சபையை விட்டுப் போகிறவர்கள். நேற்றுவரை பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர் பெயரை மறுநாள் யாரும் உச்சரிக்காமல் இருப்பது பல இல்லங்களின் பழக்கம். உழைத்த ஆண்டுகளுக்கு அவர் ஈடு கேட்க முடியாது என்று அதே திருச்சபைச் சட்டத்தின் 702ஆம் விதி சொல்வது உண்மைதான். ஆனால் அதே விதியின் இரண்டாம் பகுதி, அவரிடம் நியாயத்தோடும் அன்போடும் நடந்துகொள்ளும் கடமையைச் சபையின் மீது வைக்கிறது. மகளைச் சேர்த்துவிடும் பெற்றோர், இந்தச் சபை அதை நடைமுறையில் எப்படிச் செய்கிறது என்று முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன்பே கேட்டுவிடலாம்.