சொக் போச்சா, லிங்க் போச்சா? காசு குடுக்க முதல் பாருங்க

என்ட பழைய கொரோலாவில முன்னுக்கு "டக் டக்"னு சத்தம் கேட்டு, ஒரு கராஜ்ல சொன்னாங்கன்டு ரெண்டு முன் சொக்கையும் (ஷொக் அப்சோர்பர், பள்ளத்துல விழுந்தா கார் துள்ளாம அடக்கிற சாமான்) மாத்தினன், சத்தம் அப்பிடியே இரிந்திச்சு, கடைசில பாத்தா ஸ்டெபிலைசர் லிங்க் (கார் சாயாம பிடிக்கிற கம்பிய சொக்கோட இணைக்கிற சின்னத் தண்டு), சொக் விலைக்கு கிட்டவும் வராத சாமான். அதால வெறும் சத்தம் மட்டும்தான் எண்டா முதல்ல லிங்க், போல் ஜொயின்ட் (சில்லுக்கிட்ட இரிக்கிற உருண்டை மூட்டு), சொக்குக்கு மேல இரிக்கிற மவுண்ட் இதுகள ஆட்டிப் பாருங்க.

சொக் உண்மையாவே போனா வேற மாதிரி. ஒரு பள்ளத்துல விழுந்து எழும்பினா கார் ரெண்டு மூண்டு தரம் துள்ளும், பிரேக் அடிச்சா மூக்கு கீழ குத்தும், ரயர் அங்கங்க குழி குழியா தேஞ்சிருக்கும். சொக் உடம்புல லேசா ஈரப்பசை இருந்தா பயமில்ல, ஒயில் வடிஞ்சு மண் அப்பிக் கிடந்தா முடிஞ்சுது. 80,000 கிலோமீட்டருக்கு ஒருக்கா செக் பண்ணச் சொல்லுவாங்க, ஆனா மட்டக்களப்பு படுவான்கரை கிரவல் றோட்டால தினம் போய்வாற ஆக்கள் அவ்வளவு காலம் பாத்திட்டு இரிக்க வேணாம், மாரி முடிஞ்ச கையோட ஒருக்கா குனிஞ்சு பாருங்க.

மாத்துறண்டா இடது வலது ரெண்டும் சேத்துதான். பாவிச்ச சொக் மலிவா கிடைக்கும், எனக்கு அதுல நம்பிக்கை இல்ல.

கல்லடி, காத்தான்குடி பக்கம் உப்புக் காத்துல போல்ட் எல்லாம் இறுகிக் கிடக்கும், முதல் நாள் ராவே டபிள்யூடி-40 (துரு இளக்கிற ஸ்ப்ரே) அடிச்சு விடுங்க. சில்லு நட்ட நிலத்துல வச்சே கொஞ்சம் லூஸ் பண்ணிட்டு ஜக் போட்டு ஸ்டாண்ட் வைங்க, ஜக்க மட்டும் நம்பி கீழ பூராதீங்க. பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர், லிங்க் மூண்டையும் ஸ்ட்ரட்ல (முன்னுக்கு சொக்கும் ஸ்பிரிங்கும் ஒண்டா சேந்திருக்கிறது) இருந்து கழட்டுங்க. கீழ இரிக்கிற ரெண்டு பெரிய போல்ட் இருந்த இடத்த பெயின்டால அடையாளம் போட்டுட்டு கழட்டுங்க, அந்த நேரம் நக்கிள் (சில்லு பூட்டியிருக்கிற இரும்புத் துண்டு) பிரேக் ஹோஸ்ல தொங்காம கம்பியால கட்டணும். பிறகு பொனட்டுக்குள்ள மேல ஓரத்துல இரிக்கிற மூண்டு சின்ன நட்ட மட்டும் கழட்டினா ஸ்ட்ரட் கையில வரும்.

அந்த மூண்டுக்கும் நடுவில இரிக்கிற நட்டுலதான் விசயம், ஸ்பிரிங்க அமத்திப் பிடிச்சிருக்கிறது அதுதான். எனக்கு காட்டித்தந்த மெக்கானிக் பாஸ் "மனே, ஸ்பிரிங்க அமத்தாம அத தொட்டா மண்டை போகும்" எண்டு கத்தினாரு, சும்மா சொல்லல்ல, அமந்திருக்கிற ஸ்பிரிங் அவ்வளவு வேகமா பாயும். ஸ்பிரிங்க அமத்துற நல்ல ஸ்பிரிங் கொம்பிரசர் இல்லாட்டி வெக்கப்படாம ஸ்ட்ரட்ட ஓட்டோவில ஏத்திட்டுப் போய் கராஜ்ல குடுத்து மாத்துங்க, நான் இப்பவும் அப்பிடித்தான். மவுண்ட், பெயாரிங், டஸ்ட் பூட் பழசெண்டா அதோடயே புதுசு போடுங்க, இல்லாட்டி திரும்பவும் இதே வேலை. சொக்குக்குள்ள போய்வாற கம்பிய குறட்டால பிடிக்க வேணாம், கீறல் விழுந்தா ஒயில் சீல் கிழிஞ்சிரும்.

பின்னுக்கு கன காருக்கு சொக் தனிய, ஸ்பிரிங் தனிய, அதால லேசு. அக்சிலுக்கு கீழ ஜக் குடுத்துட்டு கழட்டுங்க, ரப்பர் புஷ் இரிக்கிற கீழ் போல்ட்ட கார் பாரம் சில்லுல இறங்கின பிறகுதான் கடைசியா இறுக்கணும், தொங்கிட்டு இரிக்கக்குள்ள இறுக்கினா புஷ் முறுகி கெதியா கிழியும்.

முன்னுக்கு மாத்தினா வீல் எலைன்மென்ட் (சில்லு நேரா நிக்குதாண்டு பாத்து சரிபண்றது) கட்டாயம். அண்டைக்கே போட ஏலாட்டி அடுத்த நாளாவது போடுங்க, விட்டா ரயர ஒரு பக்கமா தின்னும்.