ஓமோன் ஊசி போட்டும் பி.எஸ்.ஏ ஏறினால்: வீட்டில் செய்ய வேண்டியவை

புரோஸ்டேட் புற்றுநோய்க்கு ஓமோன் ஊசி தவறாமல் போட்டுக்கொண்டிருக்கும்போதே பி.எஸ்.ஏ (அந்த நோயைக் கண்காணிக்க இரத்தத்தில் அளக்கும் புரதம்) ஏறத் தொடங்கினால், முதலில் கேட்க வேண்டியது இதுதான்: அதே நாளில் எடுத்த டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஓமோனின் அளவு என்ன? புரோஸ்டேட் புற்றுநோய் உள்ள வீடுகளில் பி.எஸ்.ஏ இலக்கம் எல்லோருக்கும் மனப்பாடம். மற்ற இலக்கத்தைக் கேட்டால் கிளினிக் கொப்பியைப் புரட்டுகிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் நோய் எங்கே நிற்கிறது என்று எவராலும் சொல்ல முடியாது.

நான் திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் கற்பிப்பவள், வைத்தியர் அல்ல. துறைமுகத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்ற என் அப்பாவுக்கு எலும்புவரை பரவிய புரோஸ்டேட் புற்றுநோய். உப்புவெளியில் எங்கள் வீட்டில் கடைப்பிடிப்பவற்றைக் காரணத்தோடு எழுதுகிறேன். காரணம் புரிந்த நோயாளி மருந்தை இடைநடுவில் விடமாட்டார் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஊசி வேலை செய்கிறதென்றால் டெஸ்டோஸ்டிரோன் ஒரு டெசிலீற்றருக்கு 50 நனோகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். அறிக்கையில் அலகைக் கட்டாயம் பாருங்கள். மில்லிலீற்றர் கணக்கில் அதே எல்லை 0.5 என்றும், நனோமோல் கணக்கில் 1.7 என்றும் வரும். பி.எஸ்.ஏ ஏறியிருக்கிறது, டெஸ்டோஸ்டிரோனும் ஏறியிருக்கிறது என்றால் ஊசி பிந்தியிருக்கலாம், அல்லது அந்த மருந்து போதாமல் இருக்கலாம். கொசெரலின் 3.6 மில்லிகிராம் ஊசி 28 நாட்களுக்கு ஒருமுறை, 10.8 மில்லிகிராம் ஊசி 12 வாரங்களுக்கு ஒருமுறை. அடுத்த திகதியை நாட்காட்டியில் எழுதும்போது தைப்பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு விடுமுறைகளையும் பார்த்து எழுதுங்கள். டெஸ்டோஸ்டிரோன் அடிமட்டத்தில் இருக்க, பி.எஸ்.ஏ மட்டும் தொடர்ச்சியாக ஏறினால், அல்லது ஸ்கானில் புதிய இடங்கள் தெரிந்தால்தான் ஓமோன் சிகிச்சைக்கு நோய் எதிர்ப்புக் காட்டுகிறது என்று வைத்தியர்கள் சொல்வார்கள். ஒரேயொரு அறிக்கையை வைத்து யாரும் அந்த முடிவுக்கு வருவதில்லை. பி.எஸ்.ஏயை எப்போதும் ஒரே ஆய்வுகூடத்தில் எடுங்கள்.

"பிள்ளை, ஊசி பிடிக்கவில்லையோ?" என்று அப்பா கேட்டார். அவருக்குச் சொன்ன விளக்கம் இது. புரோஸ்டேட் புற்றுநோய் ஆண் ஓமோனால் வளர்கிறது என்பதை சார்ள்ஸ் ஹகின்ஸ் 1941இல் காட்டினார். 1966இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஊசியோ விதை அகற்றும் சத்திரசிகிச்சையோ செய்வது, விதைகளிலிருந்து வரும் டெஸ்டோஸ்டிரோனை நிறுத்துவது. உடலிலுள்ள டெஸ்டோஸ்டிரோனில் மிகப் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அதிரீனல் சுரப்பிகள் டி.எச்.ஈ.ஏ என்ற மூலப்பொருளைத் தொடர்ந்து சுரக்கின்றன. ஊசி அதைத் தொடுவதில்லை. யாழ்ப்பாணத்தில் பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்களே, புற்றுக்கலமும் அதையே செய்கிறது. அந்த மூலப்பொருளை உள்ளே இழுத்து, நொதியங்களால் படிப்படியாக மாற்றி, டெஸ்டோஸ்டிரோனைவிட வலிமையான டி.எச்.ரி ஓமோனைத் தானே தயாரித்துக்கொள்கிறது. இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் மிகக் குறைவு, கட்டிக்குள் ஓமோன் இருக்கிறது.

இந்த மாற்றத்தின் முதற்படியைச் செய்யும் நொதியத்துக்கான மரபணு எச்.எஸ்.டி.3.பி.1. சிலர் அதன் ஒரு வடிவத்தோடு பிறக்கிறார்கள். அவர்களில் அந்த நொதியம் சிதையாமல் கூடுதல் நேரம் நிலைப்பதால் கலத்துக்கு ஓமோன் தாராளமாகக் கிடைக்கிறது. 2013இல் இது வெளியானது. ஒரே மருந்து ஒருவருக்குப் பல வருடங்கள் நின்றுபிடிக்க, இன்னொருவருக்குச் சீக்கிரம் தளர்ந்துபோவதன் காரணங்களில் இதுவும் ஒன்று. நோயாளி எதையோ சாப்பிட்டதால் வந்ததல்ல. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், எங்கள் ஊரில் நோய் முற்றினால் முதலில் குற்றஞ்சாட்டப்படுவது சமையலறைதான். அம்மாவின் சமையலை யாரும் குறைசொல்ல நான் விடுவதில்லை.

எதிர்ப்பு வந்தபின்னும் ஊசியை நிறுத்தக் கூடாது. மற்ற வழிகளைப் புதுக் குளிசை அடைக்கும்போது முதல் வழியைத் திறந்துவிட்டால் பயனில்லை. மாறாக, ஆண் ஓமோன் வேலை செய்வதைத் தடுக்கத் தரப்படும் பைகலூடமைட் குளிசையை வைத்தியர் நிறுத்தச் சொன்னால் பயப்படாதீர்கள். புற்றுக்கலத்தில் ஓமோனைப் பிடிக்கும் புரதமான ஓமோன் ஏற்பி மரபணு மாற்றம் அடைந்தால், தடுக்க வந்த அந்தக் குளிசையையே ஓமோனாக ஏற்றுக்கொள்ளும். நிறுத்தியதும் சிலருக்கு பி.எஸ்.ஏ இறங்குவதுண்டு.

இனி அபிரடெரோன். அதிரீனலிலும் கட்டிக்குள்ளும் ஆண் ஓமோன் உருவாகும் வழியை மறிக்கும் குளிசை இது. வழக்கமான அளவு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம், ஒரே வேளையில், வெறும் வயிற்றில். குளிசைக்கு முன் இரண்டு மணி நேரமும் பின் ஒரு மணி நேரமும் தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம். கொழுப்புள்ள சாப்பாட்டோடு போட்டால் இரத்தத்தில் சேரும் மருந்து ஏறக்குறைய 10 மடங்காகும், அதனால் இது வெறும் சம்பிரதாயமல்ல. எங்கள் வீட்டு ஒழுங்கு: அப்பா விடியற்காலை எழுந்தவுடன் தண்ணீரோடு விழுங்குவார், பாலூற்றிய தேநீர் கூட இல்லை. பிறகு கடற்கரையில் நடந்துவிட்டு வருவார். அதற்குப் பின்தான் இடியப்பமும் சொதியும். குளிசையை உடைக்கவோ பொடியாக்கவோ கூடாது. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் கையுறை இல்லாமல் அதைத் தொடவேண்டாம். ஒரு நாள் மறந்துபோனால் அடுத்த நாள் வழக்கமான அளவை மட்டும் போடுங்கள், இரட்டிக்காதீர்கள்.

உடல் இந்தக் குளிசையையும் சும்மா விடுவதில்லை. மேலே சொன்ன அதே நொதியம் அபிரடெரோனின் ஒரு பகுதியை இன்னும் வலிமையான மருந்தாக மாற்றுவதாக 2015இல் கண்டார்கள். 2016இல், வேறொரு நொதியம் அதை மேலும் மாற்றி, ஓமோன் ஏற்பியைத் தூண்டும் பொருளாக ஆக்கிவிடுவதையும் கண்டார்கள். மருந்தே நோய்க்குத் தீனியாக மாறக்கூடும் என்ற அந்த வரியை வகுப்பில் விளக்கும்போது என் குரல் இடறுகிறது.

அபிரடெரோனோடு பிரெட்னிசொலோன் சேர்த்துத் தருவார்கள். "ஸ்டீரொயிட் கெடுதி" என்று கேள்விப்பட்டு அதை மட்டும் ஒதுக்கிவைப்பவர்கள் இருக்கிறார்கள். அது உயிராபத்து. அபிரடெரோன் வழியை மறிக்கும்போது கோர்டிசோலும் குறைகிறது; அதை ஈடுசெய்ய உடல் அதிரீனலை விரட்ட, உப்பைத் தேக்கும் ஓமோன்கள் பெருகுகின்றன. பிரஷர் ஏறும், கால் வீங்கும், பொட்டாசியம் இறங்கும். பிரெட்னிசொலோன் அந்த விரட்டலைத் தணிக்கிறது. திடீரென்று நிறுத்தினால் உடல் தளர்ந்து மயக்கம்வரை போகலாம். ஆகவே கந்தசஷ்டி விரதமோ றமழான் நோன்போ பிடிப்பவர் முன்கூட்டியே வைத்தியரிடம் நேரங்களைக் கேட்டு ஒழுங்குபடுத்த வேண்டும். அப்பா இப்போது கோணேசர் கோயிலுக்குச் சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறார். இறைவன் இதைப் பொறுப்பான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பிரஷரை வீட்டிலேயே அளந்து கொப்பியில் எழுதுங்கள். கருவாட்டையும் ஊறுகாயையும் குறையுங்கள். இளநீர் குடித்தால் பொட்டாசியம் சரியாகிவிடும் என்று நினைத்து இரத்தப் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். ஈரல் பரிசோதனை முதல் மூன்று மாதங்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை. கால் வீக்கத்துக்கு வேறெங்காவது ஸ்பைரனோலக்டோன் எழுதித் தந்தால், புற்றுநோய் வைத்தியரிடம் காட்டாமல் போடவேண்டாம். அது ஓமோன் ஏற்பியைத் தூண்டக்கூடியது. பரியாரியார் தரும் சூரணத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அபிரடெரோனுக்குப் பதிலாக என்சலூடமைட் என்ற குளிசை தரப்பட்டால் வெறும் வயிறு தேவையில்லை, பிரெட்னிசொலோனும் கட்டாயமில்லை. அது ஏற்பியையே அடைக்கிறது. களைப்பும் விழுந்துவிடும் ஆபத்தும் அதிகம், முன்பு வலிப்பு வந்திருந்தால் சொல்லியே ஆகவேண்டும். ஏற்பியின் ஓமோன் பிடிக்கும் பகுதியே இல்லாத ஒரு வடிவத்தைப் புற்றுக்கட்டி உருவாக்கிக்கொண்டால், இரண்டு குளிசைகளும் பெரும்பாலும் உதவாது. அப்போது டொசிடக்சல் என்ற கீமோதெரபி மருந்து போன்ற வேறு வகைச் சிகிச்சையைப் பேசுவார்கள். பி.எஸ்.ஏ குறைவாக இருந்தும் மெலிவும் வலியும் கூடினால் அதையும் சொல்லுங்கள். சில கட்டிகள் பி.எஸ்.ஏ சுரக்காமலே வளரும் தன்மைக்கு மாறிவிடும்.

ஆண் ஓமோன் இல்லாத உடலில் எலும்பு மெலியும், தசை கரையும், சீனி கூடும். கல்சியம், வைட்டமின் டி பற்றிக் கேளுங்கள். எலும்புக்கான ஊசி தொடங்குமுன் பல் வைத்தியரிடம் போய்வாருங்கள். அந்த ஊசி தொடங்கியபின் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம்.

ஒரு விடயத்துக்கு மட்டும் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்காதீர்கள். புதிதாக வந்த கடும் முதுகுவலி, காலில் பலவீனம் அல்லது விறைப்பு, சலம் போகாமல் அடைப்பது, மலம் அடக்க முடியாமை: இவை முள்ளந்தண்டு வடத்தைப் புற்றுக்கட்டி அழுத்துவதன் அடையாளமாக இருக்கலாம். மணிக்கணக்கில் தாமதித்தாலும் கால் திரும்ப இயங்காமல் போகலாம். இரவென்றாலும் 1990க்கு அழைத்து அம்பியூலன்ஸில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். அங்கே முதல் வசனத்திலேயே சொல்லுங்கள்: "எலும்புக்குப் பரவிய புரோஸ்டேட் புற்றுநோய், பிரெட்னிசொலோன் போடுகிறார், கால் பலவீனம் இன்று தொடங்கியது." கிளினிக் கொப்பியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.