பிதாகரஸ் தேற்றத்தைப் படம் வரைந்து புரிந்துகொள்ளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செங்கோணத்தைத் தாங்கும் பக்கங்கள் 3 செ.மீ., 4 செ.மீ. என்றால் செங்கோணத்துக்கு எதிரே உள்ள பக்கமான கர்ணம் எவ்வளவு? இந்தக் கேள்விக்கு 7 என்று சொல்லும் மாணவரைவிட 25 என்று சொல்லும் மாணவர் விடைக்கு அருகில் இருக்கிறார். அவர் கண்டது கர்ணத்தின் மேல் வரைந்த சதுரத்தின் பரப்பளவு: 25 சதுர செ.மீ. அந்தச் சதுரத்தின் பக்கம் எவ்வளவு என்று கேட்டால் போதும், 5 செ.மீ. என்று அவரே சொல்லிவிடுவார். சிவப்பு மையால் அடித்துவிட்டு நகர்ந்தால் அந்த வாய்ப்பு போய்விடும். இந்தத் தேற்றம் பேசுவது பரப்புகளைப் பற்றி: கர்ணத்தின் மேல் வரைந்த சதுரத்தின் பரப்பு, மற்ற இரு பக்கங்களின் மேல் வரைந்த சதுரங்களின் பரப்புகளின் கூடுதலுக்குச் சமம். பண்டைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் தம் ‘எலிமெண்ட்ஸ்’ நூலின் முதல் பாகத்தில் 47ஆவது தேற்றத்தில் சதுரங்களைக் கொண்டுதான் இதைச் சொன்னார். வேள்வி மேடைகளின் அளவுகளைச் சொல்லும் பழைய வடமொழி நூலான சுல்ப சூத்திரத்தில் பௌதாயனரும் செவ்வகத்தின் மூலைவிட்டம் உண்டாக்கும் பரப்பு என்றே சொன்னார்.

கட்டத்தாளில் வரையும்போது ஒரு தவறு அடிக்கடி நேர்கிறது. கர்ணம் எத்தனை கட்டங்களைக் கடக்கிறது என்று எண்ணி, அதையே நீளமாக எழுதிவிடுகிறார்கள். 3, 4 பக்க முக்கோணத்தில் கர்ணம் 6 கட்டங்களைக் கடக்கும். அதன் நீளமோ 5. சாய்ந்த கோடு ஒரு கட்டத்தின் நடுவே நீளமாகவும் இன்னொன்றின் ஓரத்தில் சிறு துண்டாகவும் செல்வதால் இந்த எண்ணிக்கை எதையும் அளப்பதில்லை. கர்ணத்தின் மேல் வரைந்த சாய்ந்த சதுரத்தைச் சுற்றி 7க்கு 7 பெட்டி ஒன்றை வரையுங்கள். பெட்டியின் பரப்பு 49. நான்கு மூலைகளிலும் 6 பரப்புள்ள முக்கோணம் ஒவ்வொன்று. 49இல் 24 போக மீதி 25.

இங்கேயே நின்றுவிடுவது அடுத்த தவறு. 9 கட்டங்களுக்கும் 16 கட்டங்களுக்கும் வண்ணம் தீட்டி 25ஐக் காட்டுவது ஓர் எடுத்துக்காட்டைச் சரிபார்ப்பதுதான், நிரூபணம் ஆகாது. 2, 3 என்ற பக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 5க்கு 5 பெட்டி, பரப்பு 25. முக்கோணம் ஒன்றின் பரப்பு 3 என்பதால் நான்குக்கும் 12. நடுவில் மிஞ்சுவது 13. கர்ணம் முழு எண்ணாக வராததால் மனப்பாடம் உதவாது, படம்தான் உதவும். இப்போது அதே நான்கு முக்கோணங்களை அதே பெட்டிக்குள் இரண்டிரண்டாகச் சேர்த்து இரு செவ்வகங்களாக நகர்த்துங்கள். 4, 9 பரப்புள்ள இரு சதுரங்கள் காலியாக மிஞ்சும். பெட்டி மாறவில்லை, முக்கோணங்களும் மாறவில்லை. ஆகவே மிஞ்சியதும் மாறாது. எந்தச் செங்கோண முக்கோணத்துக்கும் இதே வாதம் பொருந்தும். எனக்குத் தெரிந்து இதைவிட அழகான நிரூபணம் பள்ளிக் கணிதத்தில் இல்லை.

ஆனால் நடுவில் இருப்பது சதுரம்தானா? பக்கங்கள் சமம் என்பது மட்டும் போதாது, சாய்சதுரத்துக்கும் பக்கங்கள் சமமே. பெட்டியின் ஓரத்தில் ஒரு புள்ளியில் முக்கோணத்தின் இரு குறுங்கோணங்கள் சந்திக்கின்றன. அவற்றின் கூடுதல் 90 பாகை. நேர்கோட்டின் 180இல் மீதி 90. செங்கோணம் ஏன் தேவை என்பது இந்த அடியில்தான் வெளிப்படுகிறது. இதைத் தாவிச் செல்லும் ஆசிரியர் தேற்றத்தின் காரணத்தையே விட்டுவிடுகிறார்.

வெட்டி ஒட்டும் செயல்பாடுகளில் கண்ணை மட்டும் நம்பக் கூடாது. 8க்கு 8 சதுரத்தை இரண்டு முக்கோணங்களாகவும் இரண்டு சரிவகங்களாகவும் வெட்டி, 5க்கு 13 செவ்வகமாக அடுக்கும் புதிர் புகழ்பெற்றது. 64 எப்படி 65 ஆனது? முக்கோணத்தின் சாய்வு எட்டுக்கு மூன்று, சரிவகத்தின் சாய்வு ஐந்துக்கு இரண்டு. 0.375, 0.4 என்ற சிறு வேறுபாட்டைக் கண் பிடிக்காது. மூலைவிட்டத்தை ஒட்டி ஒடுங்கிய இணைகர இடைவெளி ஒன்று ஒளிந்திருக்கிறது. அதன் பரப்பு சரியாக 1.

தமிழில் பரவலாகப் பகிரப்படும் தவறு ஒன்றும் உண்டு. நீண்ட பக்கத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூற்றைத் தள்ளி, மீதியோடு மற்றப் பக்கத்தின் பாதியைச் சேர்த்தால் கர்ணம் வரும், வர்க்கமூலமே வேண்டாம் என்று ஒரு பாடலைக் காட்டிச் சொல்கிறார்கள். 3, 4 பக்கங்களுக்கு 5 வருகிறது. 5, 12 பக்கங்களுக்கு 13 வருகிறது. இந்த இரண்டு வடிவங்களுக்கும் அவற்றின் மடங்குகளுக்கும் மட்டுமே அது துல்லியம். 8, 15க்கு 17 வருவதற்குப் பதில் 17.125 வருகிறது. 10, 1 பக்கங்களுக்குப் போட்டுப் பாருங்கள்: 8.75உடன் 0.5 சேர்த்து 9.25. கர்ணம் தன் பக்கத்தைவிடச் சிறியதாகிவிட்டது! பெட்டியை வரைந்தால் பரப்பு 121, நான்கு முக்கோணங்கள் 20, மீதி 101. கர்ணம் 10.05க்குச் சற்றுக் குறைவு.