இரைப்பையில் இருந்தும் உணவைச் செரிக்காத நொதி: கால்பெயின்-8ஐ நீங்களே தேடிப் படிப்பது எப்படி?

புரதத்தை வெட்டும் நொதி இரைப்பையில் இருக்கிறது என்றதும், சாப்பிட்டது செரிக்கத்தான் என்று நினைத்துவிடுகிறோம். கால்பெயின்-8 விஷயத்தில் அது தவறு. யூனிப்ராட் என்ற இலவசப் புரதத் தரவுத்தளத்தில் இதை நீங்களே பார்க்கலாம். போன் போதும்.

படி 1. தளத்தின் தேடல் பெட்டியில் சி, ஏ, பி, என் என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும், ஒட்டியே 8 என்ற எண்ணையும் தட்டுங்கள். வேறு விலங்குகளுடையதும் வரும். மனிதப் புரதத்தைத் திறங்கள்.

படி 2. 3.4.22 என்று தொடங்கும் எண்ணைத் தேடுங்கள். நொதிகளை வகைப்படுத்தும் எண் இது. இதை அவசரமாகத் தாண்டிவிட வேண்டாம், பாதி விஷயம் இதில்தான் இருக்கிறது. 3 என்றால் நீரைக் கொண்டு பிணைப்பை உடைக்கும் நொதி. 4 என்றால் உடைவது பெப்டைடுப் பிணைப்பு, அதாவது புரதத்தில் அமினோ அமிலங்களைக் கோக்கும் பிணைப்பு. 22 என்றால் வெட்டும் வேலையைச் செய்வது சிஸ்டீன் என்ற அமினோ அமிலம். இப்போது இரைப்பையில் உணவைச் செரிக்கும் நொதியான பெப்சினையும் தேடிப் பாருங்கள்: 3.4.23. அங்கே வெட்டுவது அஸ்பார்டிக் அமிலம். இரண்டும் இரைப்பையில் இருந்தாலும் வேறு வேறு குடும்பம். கறி சீக்கிரம் வேகப் பப்பாளிக்காய் போடுகிறோமே, அதிலுள்ள பப்பைனும் 3.4.22தான். கால்சியம், பப்பைன் இரண்டும் சேர்ந்து வந்த பெயர்தான் கால்பெயின்.

படி 3. அமைப்புப் பகுதியில் 'ஈஎஃப் கை' என்று இருக்கும். கால்சியத்தைப் பிடிக்கும் மடிப்பு அது. கால்பெயின்களில் கால்சியம் சேரும்வரை வெட்டும் பகுதியின் இரு பாதிகள் சரியாகப் பொருந்தாமல் இருக்கும். சேர்ந்ததும் நெருங்கி வேலைக்குத் தயாராகும். குடித்த பாலில் உள்ள கால்சியம் நேராகப் போய் இதை முடுக்குவதில்லை. செல்லுக்குள் கால்சியம் உயரும்போதுதான் இது விழிக்கிறது.

படி 4. செயல்பாட்டுப் பகுதிக்கு வாருங்கள். இரைப்பையின் உட்சுவரில் கோழையைச் சுரக்கும் செல்களுக்குள் இது இருக்கிறது. அங்கே பொருள்களைச் சுமக்கும் நுண்பைகளின் உறைப் புரதம் ஒன்றை வெட்டுகிறது. பெப்சினைப் போல அமிலத்தில் மிதந்து உணவைத் தேடி வருவதில்லை.

படி 5. அப்புறம் 8க்குப் பதில் 9 போட்டுத் தேடுங்கள். இந்த இரண்டும் இணைந்ததுதான் 'ஜி-கால்பெயின்'. 2010இல் ஜப்பான் ஆய்வாளர்கள் இவற்றில் ஏதாவது ஒன்று இல்லாத சுண்டெலிகளை உருவாக்கினார்கள். சும்மா பார்த்தால் அவை ஆரோக்கியமாகவே இருந்தன. ஆல்கஹால் கொடுத்தபோது மட்டும், சாதாரணச் சுண்டெலிகளைவிட அவற்றின் இரைப்பைச் சுவர் அதிகமாகப் புண்ணானது.